ஒற்றைச் சாட்சிப் பிறை

என் அத்தாவுக்குக் குடைக்கடை; மாமுவுக்குத் தையல்கடை. மதுரையில் தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இரண்டும் எதிரெதிரே இருந்தன. அத்தா என்றால் என்னைப் பெற்றவர். மாமு என்றால் அம்மாவோடு பிறந்தவர் அல்ல, அத்தாவின் கூட்டாளி. இருவரும் ஓதப்பள்ளியில் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே பிரம்பால் அடிபட்டு, ஒரே நாளில் குர்ஆன் ஓதி முடித்தவர்கள். அந்தச் சந்தோஷத்துக்கு இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சட்டியில் நெய்ச்சோறு ஆக்கினார்களாம்.

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது சிறுவயதிலிருந்தே என் பழக்கம். அத்தாவுக்கும் மாமுவுக்கும் ஒத்துப்போகாதவை என்று மனத்துக்குள் ஒரு வரிசை வைத்திருந்தேன். அத்தாவுக்கு டீ ஆறியிருக்க வேண்டும். மாமுவுக்கு நாக்குச் சுட வேண்டும். அத்தா கதர்க் கட்சி. மாமுவுக்கு எந்தக் கட்சியும் ஆகாது. மழை வந்தால் அத்தாவின் முகம் மலரும். தைத்து மாட்டிய துணியெல்லாம் ஈரம் குடிக்கிறதே என்று மாமு வானத்தைத் திட்டுவார். அத்தா எதையும் சத்தமாகச் சொல்வார். மாமு பாதியைத்தான் சொல்வார், மீதியைத் தையல் மெஷின் சொல்லிவிடும். வரிசை நீண்டுகொண்டே போனது.

ஒத்துப்போனவை என்ற வரிசையில் ஒன்றுதான் இருந்தது. ஐந்து வேளையும் பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்த்து நிற்பார்கள். அந்த இரண்டு தோள்களுக்கு நடுவே மூன்றாவது ஆள் நின்று யாரும் பார்த்ததில்லை. வெளியூர்க்காரர் எவராவது தெரியாமல் நடுவில் போய் நின்றால், பக்கத்தில் இருப்பவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்து இடம் மாற்றி விடுவார்களாம்.

நான் சொல்லவந்த நோன்பு, யுத்தம் தொடங்குவதற்கு முந்திய ஒரு கார்த்திகையில் வந்தது. எனக்கு ஒன்பது வயது. நான் பாதி நோன்புக்காரி. விடிகாலையிலிருந்து நண்பகல் வரை ஒன்று, நண்பகலில் சாப்பிட்டுவிட்டுச் சூரியன் மறையும்வரை ஒன்று. இரண்டையும் ஒட்டித் தைத்தால் முழு நோன்பு ஆகிவிடும் என்று மாமு எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். தையல்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன்.

இருபத்தொன்பதாம் நோன்பு அன்று காலையிலிருந்து மழை. அன்று மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் முப்பதும் நிறைய வேண்டும். வானம் மூடியிருக்கிற நாளில், பிறையைக் கண்ணால் கண்ட இரண்டு பேர் பள்ளிவாசலுக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும். எங்கள் அசரத்து இதில் மிகவும் கறார். பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற அவர், வெளியூரிலிருந்து பிறை தெரிந்ததாகத் தந்தி வந்தால்கூட ஏற்கமாட்டார். “தந்திக்குக் கண்ணு இருக்கா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்.

வீடுகளும் கோபுரங்களும் மேற்கு வானத்தை மறைக்கும் இந்த ஊருக்குள் நின்று பிறை பார்க்க முடியாது என்பது அத்தாவின் கட்சி. மாடக்குளம் கண்மாய்க் கரைக்குப் போனால் நாகமலை வரைக்கும் ஒரு தடை இல்லை. சாயந்தரம் குடைக்கடையைச் சாத்திவிட்டு எதிர்க்கடைக்குப் போய் நின்றார்.

“கெளம்பு மாப்ள.”

“கழுத்து வரைக்கும் சட்டை கெடக்கு மச்சான்.”

“கழுத்துக்கு மேலதான கண்ணு இருக்கு. வா.”

மாமு கத்தரியை வைத்துவிட்டு எழுந்துவந்தார். நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் வைத்த தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நானும் ஜட்காவில் ஏறிக்கொண்டேன்.

கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. கண்மாய் நிரம்பிக் கிடந்தது. அந்தப் பக்கம் நாற்று நட்ட வயல்கள், அதற்கப்பால் நாகமலை படுத்திருந்தது. மலையின் தெற்கு முனைக்கு மேலே மேகம் அடுக்கடுக்காக நின்றது. அத்தா சட்டைப்பைக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னதும் மூவரும் நோன்பு திறந்தோம். நான் கஞ்சியில் மிதந்த ஒரே ஒரு கறித்துண்டை விரலால் பிடிக்க முயன்றுகொண்டிருந்தேன். அது பிடிபடாமல் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

“அந்தா! மாப்ள, அந்தா பாரு! அந்தா!”

தலை தூக்கினேன். அத்தா ஒரு கையால் மாமுவின் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டியிருந்தார்.

“எங்கன?” என்றார் மாமு.

“ஒத்தப் பனை தெரியுதுல்ல, அதுக்கு மேல ரெண்டு முழம். ரெண்டு மேகத்துக்கு ஊடால. நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி.”

“பனை எங்கன இருக்கு?”

“என் விரலைப் பாருப்பா!”

மாமு கண்ணை இடுக்கிக்கொண்டு அத்தாவின் விரலைப் பார்த்தார். நானும் எழுந்து எம்பிப் பார்த்தேன். அதற்குள் இரண்டு மேகங்களும் கதவு சாத்துவதுபோல் ஒன்றாகிவிட்டன. எனக்குப் பனைதான் தெரிந்தது. கஞ்சியிலிருந்த கறித்துண்டையும் காணோம்.

அத்தா இரண்டு கையையும் ஏந்தி, பிறை கண்டால் வேண்டிக்கொள்கிற துஆவை ஓதினார். பக்கத்தில் மாமுவும் கையேந்தி ஓதினார். துண்டை விரித்து அங்கேயே தொழுதுவிட்டு ஜட்காவுக்கு ஓடினோம். வழியெல்லாம் அத்தாதான் பேசினார். ஜட்காக்காரர், “அப்ப நாளைக்கு நம்ம வீட்டுக்கும் பிரியாணி உண்டா பாய்?” என்று கேட்டார். “அண்டாவோட வாங்கண்ணே!” என்றார் அத்தா. மாமு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பள்ளிவாசல் வாசலில் ஊரே கூடியிருந்தது. நகரத்தில் எங்கும் எவருக்கும் பிறை தென்படவில்லை. அத்தா ஜட்காவிலிருந்து குதித்துச் சொன்ன வேகத்தில் சேதி உள்ளே ஓடியது. பெருநாள் அறிவிக்கிற நகரா முழக்குபவர் இரண்டு குச்சிகளையும் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டார். பையன்கள் வெடியோடு சுவரில் ஏறிவிட்டார்கள். நான் தூக்குச்சட்டியோடு கதவோரம் நின்றேன். அங்கிருந்து முற்றமும், தண்ணீர்த் தொட்டியும், அதன் படியில் அசரத்து உட்கார்ந்திருந்ததும் நன்றாகத் தெரிந்தன.

அத்தா, தான் கண்டதை இடம் நேரம் எல்லாம் சொல்லி, அல்லாஹ்வைச் சாட்சி வைத்துச் சொன்னார். அசரத்து தலையாட்டினார்.

“ஒரு சாட்சி ஆச்சு. அடுத்தது?”

எல்லாரும் மாமுவைப் பார்த்துச் சிரித்தார்கள். இதில் கேட்க என்ன இருக்கிறது என்ற சிரிப்பு.

“சட்டுன்னு சொல்லுங்க பாய். பயலுக வெடியைக் கையிலயே பத்தவச்சிருவானுக போல” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“நான் பாக்கலை” என்றார் மாமு.

அவர் வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துச் சிலர் இன்னும் சிரித்தார்கள். அசரத்து சிரிக்கவில்லை.

“நல்லா நெனச்சுச் சொல்லுங்க. நீங்க அவரு பக்கத்துலதான நின்னீங்க?”

“பக்கத்துலதான் நின்னேன். அவரு காட்டுனாரு. அவரு சொன்னதை வச்சு துஆவும் ஓதுனேன். ஆனா என் கண்ணால நான் பாக்கலை.”

சுவரில் இருந்த பையன்கள் ‘ச்சூ’ கொட்டினார்கள். மிட்டாய்க் கடைக்காரருக்குத்தான் தாங்கவில்லை. அவர் மறுநாளைக்கென்று வண்டி வண்டியாக அல்வா கிண்டி வைத்திருந்தார்.

“எப்பிடிப் பாப்பாரு? இன்னும் எம்புட்டுச் சட்டை தைக்க வேண்டிக் கெடக்குன்னு கேளுங்க! ஒரு நாள் தள்ளிப்போனா அவருக்குத்தான வசதி?”

“குடைக்காரரு மட்டும் என்னவாம்? மேகத்தைப் பாத்தாலே அவருக்குப் பெருநாள்தான்” என்றது இன்னொரு குரல்.

முற்றம் முழுக்கச் சிரித்தது. அதுவரைக்கும் ஒன்றுமில்லை, எங்கள் சந்தில் இதைவிடக் கனமான கேலியெல்லாம் தினமும் நடக்கும். அப்போதுதான் தோல்மண்டிக்காரர் எழுந்தார். வசதியானவர். நியாயம் பேசுவதில் ஆசை உள்ளவர்.

“சிரிக்கிற காரியமில்லப்பா. ஒரே கரையில ரெண்டு பேரு நின்னிருக்காக. ஒருத்தரு பாத்தேங்கிறாரு, ஒருத்தரு பாக்கலைங்கிறாரு. கண்ணு எல்லாருக்கும் ஒண்ணுதான். அப்ப ரெண்டுல ஒண்ணு பொய்யி. நோன்பு மாசத்துல, பள்ளிக்குள்ள நின்னு சொன்ன பொய்யி.”

சிரிப்பு நின்றது. ஊரில் எவரும் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னவர் அத்தா. ஆகவே எல்லாக் கண்களும் அத்தா பக்கம் திரும்பின. எங்கள் சந்தில் அத்தாவின் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. பங்காளிச் சண்டை, வாடகைச் சண்டை எதுவானாலும், ‘குடைக்கடையில கேட்டுக்குவோம்’ என்று இரண்டு தரப்பும் வந்து நிற்கும். வெளியே இருந்து பார்க்கிற எனக்கே, அந்த மதிப்பு இப்போது விளிம்பில் நிற்கிறது என்று புரிந்தது.

மாமு ஓரடி முன்னால் வந்தார்.

“அவரு பொய் சொல்லலை. கோளாறு எங்கிட்டதான். எனக்கு...”

“மாப்ள! வாயை மூடு!”

அத்தா மாமுவை அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. முற்றத்தில் யாருமே கேட்டிருக்கமாட்டார்கள். மாமு மறுபடியும் வாயெடுத்தார். அத்தா அவருக்கு முன்னால் வந்து, முதுகால் அவரை மறைப்பதுபோல் நின்றுகொண்டு அசரத்தைப் பார்த்துப் பேசினார்.

“நான் பாத்தது பாத்ததுதான் அசரத்து. ஆனா ஒத்தச் சாட்சி. ஒத்தச் சாட்சிக்குப் பெருநாள் கெடையாது. நாளைக்கு நோன்புன்னு நீங்க சொல்லிருங்க.”

“பொய்யின்னு ஒரு சொல்லு விழுந்துருச்சே?” என்றார் அசரத்து மெதுவாக.

“கெடக்கட்டும்.”

நகராக்காரர் குச்சிகளை இறக்கிவிட்டார். பையன்கள் சுவரிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

தொழுகை முடிந்து வீட்டுக்கு நடந்தோம். விளக்கில்லாத சந்தில் அத்தாவின் கை மாமுவின் தோள்மேல் இருந்தது. கோபத்தில் இருக்கிறவர் ஏன் தோளில் கை போடுகிறார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. ஓடிவிடாமல் பிடித்திருக்கிறார்போல என்று முடிவு செய்துகொண்டேன். மாமு வீட்டு வாசலில் ஒரு படி உடைந்திருக்கும். அது வந்ததும் அத்தா நின்று, “பாத்து” என்று மட்டும் சொல்லி அவரை ஏற்றிவிட்டு வந்தார்.

வீட்டில் அம்மாவுக்குச் சேதி எங்களுக்கு முன்னமே வந்திருந்தது.

“அம்புட்டுப் பேருக்கு முன்னால உங்களைப் பொய்யருன்னு சொல்லவிட்டுட்டு நின்னாகளா அவுக?”

“அவன் நிக்கலை. நான்தான் நிப்பாட்டுனேன்.”

அம்மா அத்தாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தட்டை எடுக்கப் போனார். “பிறை நாளைக்கும் வரும். பசிக்குது” என்றார் அத்தா.

நான் பாயில் படுத்துக்கொண்டு, மாமு ஏன் ‘பார்த்தேன்’ என்று சொல்லவில்லை என்பதற்குக் காரணங்களை வரிசைப்படுத்தினேன். சட்டைகள் பாக்கி இருந்தன. பனையைக் கேட்டதற்கு அத்தா எரிந்துவிழுந்தார். மாமுவின் பங்குப் பேரீச்சம்பழத்தில் ஒன்றை நான் எடுத்துத் தின்றது அவருக்கு வருத்தமாக இருந்திருக்கலாம். மூன்றுமே எனக்குத் திருப்தியாக இல்லை. கூட்டாளி என்றால் கூடச் சேர்ந்து சொல்ல வேண்டாமா? என் கூட்டாளி அப்படித்தான் செய்வாள். பக்கத்து வீட்டுக் கொய்யாவை நாங்கள் பறிக்கவில்லை என்று நானும் அவளும் எத்தனை முறை ஒரே குரலில் சத்தியம் செய்திருக்கிறோம்!

மறுநாள் அத்தா நோன்பு வைத்தார். இதை எழுதுவது சுலபம். அன்று அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது வேறு. பெருநாள் அன்று நோன்பு வைக்கக் கூடாது என்பது மார்க்கம். தனியாகப் பிறை பார்த்தவரின் சாட்சி ஏற்கப்படாவிட்டால், அவரும் ஊரோடு சேர்ந்து நோன்பிருக்க வேண்டும் என்பதும் எங்கள் மார்க்கச் சட்டம்தான். கண்ணால் பார்த்த பெருநாளன்று அவர் பட்டினி இருந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. குடைக்கடையைத் திறக்கவில்லை, நேரே எதிர்க்கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே நானும் போனேன்.

சந்தில் போவோர் வருவோர் எல்லாரும் அன்று தையல்கடைக்கு முன்னால் வந்ததும் நடையைக் குறைத்தார்கள். சண்டை நடக்கும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். உள்ளே அத்தா பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

அது அவருக்குப் புதிய வேலையல்ல. கொஞ்ச காலமாகவே தன் கடையைச் சாத்திய பிறகு எதிர்க்கடையில் போய் உட்கார்ந்து, பித்தான் தைப்பார், பித்தான் துளைக்குக் காஜா எடுப்பார், தையல் நேராக ஓடியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் வரிசையாக ஊசிகளில் நூல் கோத்துக் குத்திவைப்பேன். சின்னக் கைக்குத்தான் சின்ன ஊசி வசப்படும் என்று மாமு சொல்லியிருந்தார். என் கைத்திறமையில் எனக்கு அப்போது நிரம்பப் பெருமை.

நான் இன்று ஒரு மருத்துவமனையில் கண் பரிசோதிக்கும் வேலை பார்க்கிறேன். சுவரில் தொங்கும் எழுத்துப் பலகைக்கு முன்னால் ஆட்களை உட்காரவைத்து எந்த வரி வரைக்கும் தெரிகிறது என்று கேட்பது என் தொழில். மாமுவை அன்று அங்கே உட்காரவைத்திருந்தால், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் பெரிய எழுத்தோடு நிறுத்தியிருப்பார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்துகொண்டிருந்தது. துணியைத் தடவி, விரலால் அளந்து, பழகிய கையால் வெட்டிக்கொண்டிருந்தார். தையல்காரனுக்குக் கண் மங்கல் என்று ஒருவர் காதில் விழுந்தால் போதும், மறுநாள் எவரும் துணியைக் கொடுக்கமாட்டார்கள். இது தெரிந்தவர்கள் மூன்றே பேர்: மாமு, மாமுவின் மனைவி, அத்தா. அம்மா தானாக ஊகித்திருந்தார்.

அன்று மெஷின் ஓசைக்கு நடுவே நான் கேட்டுவிட்டேன்.

“மாமு, எங்க அத்தா பொய் சொல்லுவாகளா?”

“உங்க அத்தாவா? சொல்லத் தெரியாது தாயி. சொன்னாலும் காது செவந்து காட்டிக்குடுத்துரும்.”

“அப்ப நேத்துப் பிறை இருந்துச்சுதான?”

“இருந்துச்சு.”

“பெறகு ஏன் சொல்லலை?”

மாமு மெஷினை நிறுத்தினார். “இருந்துச்சான்னு கேட்டிருந்தா இருந்துச்சுன்னு சொல்லியிருப்பேன். பாத்தியான்னுல கேட்டாக.”

“அத்தாவுக்காக ஒரே ஒரு தடவை...”

“எனக்காகப் பொய் சொல்றவன் நாளைக்கு இன்னொருத்தனுக்காக எம்மேலயே சொல்லுவான்” என்றார் அத்தா, கையில் இருந்த பித்தானிலிருந்து தலை தூக்காமல். “நூலைக் கோத்துக் குடு. ஊசி மொட்டையா கெடக்கு.”

மாமு சிரித்தபடி மெஷினை மிதித்தார். இரண்டு பேரும் நேற்று ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது எனக்கு எரிச்சலாக வந்தது. நான் முந்தின இரவு முழுக்க இவர்களுக்காகக் கவலைப்பட்டிருந்தேன்.

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு தோல்மண்டிக்காரர் தன் பட்டுச் சட்டைக்கு வந்தார். உள்ளே அத்தாவைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கினார். மாமு சட்டையை எடுத்துக் கொடுத்தார்.

“போட்டுப் பாருங்க. பித்தான் தச்சது யாருன்னு தெரியுதுல? நம்ம குடைக்காரருதான். இழுத்தாலும் அறுகாது.”

தோல்மண்டிக்காரர் பித்தானை இழுத்துப் பார்க்கவில்லை. சட்டையை வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

அன்று மாலை மேகம் ஒதுங்கியிருந்தது. கண்மாய்க் கரைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. சந்து முனையிலேயே தெரிந்தது. பிறை உயரத்தில், தடித்து, நெடுநேரம் நின்றது. முதல் நாள் பிறை அப்படி நிற்காது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சாகியது. மிட்டாய்க் கடைக்காரர் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, இது நேத்துப் பிறைதாண்ணே. நீங்க சொன்னதுதான் சரி.”

நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். அத்தா இப்போது தோல்மண்டிக்காரரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேட்பார் என்று கால்விரலில் எம்பி நின்றேன்.

“பெருசா இருந்தா பழைய பிறைன்னு கணக்குப் போடக் கூடாதுண்ணே. ஊரு பாத்த பிறை இதுதான். போய்ப் பிள்ளைகளுக்கு மருதாணி வைக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு அத்தா கையேந்தினார்.

பக்கத்தில் மாமுவும் கையேந்தினார். ஆனால் அவர் முகம் பிறையைவிட்டு விலகி, கோயில் கோபுரத்து மேலே நின்ற ஒரு வெள்ளை மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மாமு, அங்கிட்டு இல்ல, இங்...”

அத்தாவின் உள்ளங்கை என் வாயைப் பொத்தியது. துஆ முடியும்வரை எடுக்கவே இல்லை. ஒரு நல்ல காரியம் செய்யப் போனதற்கு இந்தத் தண்டனையா என்று நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன்.

மாமு அதற்கப்புறமும் சில பெருநாள்களுக்குத் தைத்தார். பிறகு கண்ணில் ஆபரேஷன் ஆகி, தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, ‘வயசாச்சுல்ல’ என்று ஊருக்குத் தானாகவே சொல்லிக்கொண்டார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் இந்தப் படிப்புக்குப் போக உறவுக்காரர்கள் எல்லாரும் தடை சொன்னபோது, அனுப்பத்தான் வேண்டும் என்று நின்றவர்கள் அத்தாவும் மாமுவும். இன்னும் டீ விஷயத்தில் ஒத்துவரவில்லை. தொழுகையில் நடுவே இன்னும் இடம் இல்லை.

பயிற்சி முடிந்து வந்த விடுமுறையில் அம்மா எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். மாமு தன் கண்ணைப் பற்றிச் சொல்லியிருந்தாலும் அன்று பெருநாள் ஆகியிருக்காது. சாட்சி அப்போதும் ஒன்றுதான். ஆனால் ‘பொய்’ என்ற சொல் அத்தாமேல் நிற்காது. அந்த ஒரு சொல்லைத் துடைக்க மாமு தன் பிழைப்பை எடுத்து நீட்டினார். அத்தா அதை வாங்க மறுத்தார். இரண்டும் ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டன. நகராக்காரர் குச்சியை இறக்குவதற்குள்.

நான் அத்தாவிடம் போய்க் கேட்டேன். “அன்னைக்குப் பள்ளியில மாமு என்ன சொல்ல வந்தாக?”

“எனக்கு என்ன தெரியும்? நான்தான் சொல்லவிடலையே” என்றார். காது சிவந்திருந்தது.

அந்தப் பெருநாள் காலையைச் சொல்லி முடிக்க வேண்டும். திடலில் தொழுகைக்கு ஊரே திரண்டிருந்தது. எல்லார் மேலும் புதுச் சட்டை, பாதிக்கு மேல் மாமு தைத்தவை. சிறுபிள்ளைகளோடு நான் ஓரத்து வேப்பமரத்தடியில் நின்றேன். வரிசை கட்டும்போது அத்தாவையும் மாமுவையும் தேடினேன். தனித்தனியாகத்தான் நிற்பார்கள் என்று எனக்கு நிச்சயம். அத்தாவின் கோபத்தை நான் பள்ளிவாசலில் என் காதாலேயே கேட்டிருந்தேன் அல்லவா? அத்தா மாமுவின் முழங்கையைப் பிடித்து, வரிசையில் அவருடைய இடத்தில் நிறுத்திவிட்டு, தானும் பக்கத்தில் போய் நின்றார். தோளோடு தோள் ஒட்டியது.

சரிதான், அத்தா அவரை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அத்தாவின் பெரிய மனத்தை எண்ணி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மன்னிப்பதற்கு அவர்கள் நடுவில் ஒன்றுமே நடந்திருக்கவில்லை என்பது தெரிய எனக்கு இன்னும் பல வருஷங்கள் இருந்தன.